ஆனைமுடியில் கடைசி ஆளாக

கையெழுத்து மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வருடமாக மூட்டைக் கொக்கி பிடித்த கை இது. பேனாவைப் பிடித்தால் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. படித்ததும் நாலாம் வகுப்பு வரைதான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை. வாசிக்கிறவர் திருத்தி வாசிக்கட்டும்.

எங்கள் சுமைக்காரர் கூட்டத்தில் இப்போது வேலை செய்கிற நாலைந்து பேர் கிறிஸ்துமஸ் லீவில் ஆனைமுடி ஏறப் போகிறார்கள். அனுமதிக் கடிதம் வாங்கியாகிவிட்டது. போன வாரம் சாயாக்கடையில் வைத்து, "அண்ணன் போயிருக்கீங்கல்ல, எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று கேட்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "குளிரும்" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லாமல் விட்டது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. போகிறவர்கள் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலையைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். வேறு யாராவது வாசித்தால் புரிய வேண்டுமே.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நாங்கள் மூட்டை சுமக்கிற கிடங்கு முன்பக்கம் தெருவையும் பின்பக்கம் உப்பங்கழியான காயலையும் பார்த்து நிற்கிறது. அந்தக் காலத்தில் மிளகும் சுக்கும் பாதிக்கு மேல் வள்ளத்தில், அதாவது படகில்தான் வரும். வள்ளத்துக்கும் கிடங்குப் படிக்கும் நடுவே ஒரு பலகை போடுவோம். தலையில் சும்மாடு, அதன் மேல் மூட்டை. ஒருவர் பின் ஒருவராகப் பலகையில் நடப்போம். மூட்டை தலையில் இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது, நிமிரவும் முடியாது. தெரிவதெல்லாம் முன்னால் போகிறவருடைய குதிகால் மட்டும். அந்தக் குதிகால் எங்கே போகிறதோ அங்கே நம் காலும் போக வேண்டும். முதல் ஆள் வழியைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு வழி தேவையில்லை, குதிகால் போதும்.

முதல் ஆள் எப்போதும் மூப்பர்தான். கூட்டத்தின் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் மூப்பர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். கடைசி ஆள் எப்போதும் நான். முந்திக்கொண்டு வரிசையில் நிற்க எனக்கு வராது.

பலகையில் ஒரு வார்த்தை உண்டு. வள்ளம் ஆடிப் பலகை நகர்ந்தாலோ, யாருக்காவது கால் வழுக்கினாலோ, பார்த்தவர் "பலகை" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டால் எல்லோரும் அடுத்த அடி வைக்காமல் அப்படியே நின்றுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது, மூப்பரும் கேட்கக் கூடாது. கேள்வியெல்லாம் அப்புறம். அதே மாதிரி, கடைசி ஆள் கரையில் கால் வைத்ததும் குரல் கொடுத்தால்தான் பலகையை எடுப்பார்கள். நான் குரல் கொடுக்க மாட்டேன். குதிகாலால் படியை இரண்டு முறை தட்டுவேன். கூட்டம் அதற்குப் பழகிவிட்டது. மலைக்குப் போகும்வரை, பதினாலு வருடத்தில் நான் அங்கே வாய் திறந்து ஒரு வார்த்தை கத்தியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிடங்கு மாடியில் காயல் பக்கமாக ஒரு கதவு உண்டு. கப்பியில் மூட்டையை மேலே இழுப்பதற்கு வைத்தது. வெளியே படி கிடையாது, நேரே கீழே தண்ணீர். அந்தக் கதவைத் திறந்து ஓரத்தில் நின்றால் காற்று முகத்துக்கு நேரே வராது. காலடியிலிருந்து வரும், கைலியை மேலே தூக்கும். அந்தக் காற்று எனக்கு நன்றாகப் பழக்கம்.

மச்சானுடைய மூத்த மகளை மூணாறில் ராஜமலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு மலையில் காட்டைக் காக்கிற வாட்சர் வேலை. எழுபத்தேழில், கார்த்திகை மாதம், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து என்று போனோம். பெண்கள் எல்லாம் விசேஷம் முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். ஆண்கள் நாலு பேர் இரண்டு நாள் தங்கினோம்: மச்சான், நான், கூட்டத்திலிருந்து தடியர் ஒருவரும், பக்கத்துக் கொச்சங்காடிக்காரரான இக்காவும். அவரை ஊரே இக்கா என்றுதான் கூப்பிடும். அவர் சுமக்கும்போது மட்டும்தான் பேசாமல் இருப்பார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மலை தெரிந்தது. யானை ஒன்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பது போல. தெற்கே இதைவிட உயரமான மலை இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஏறிட்டே போயிரலாம்" என்றார்.

மாப்பிள்ளை அனுமதிக்கு ஏற்பாடு செய்தார். முந்தின நாள் சாயங்காலம் எங்களை உட்கார வைத்து விவரம் சொன்னார். அவருக்கும் கூச்சம்தான். மாமனாருக்குப் புத்தி சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று என்னைப் பார்த்தே பேசினார்.

"சின்ன மாமா, விடியறதுக்குள்ள கிளம்பணும். மதியம் பன்னெண்டுக்கு எங்க நிக்கறமோ அங்கேயிருந்து திரும்பிரணும், உச்சி பத்தடியில இருந்தாலும் சரி. சாமானை முதுகுல கட்டிக்குங்க, கை ரெண்டும் சும்மா இருக்கணும். பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகத்துல நடந்தாப் போதும். மஞ்சு இறங்கி வழி மறைஞ்சிருச்சுன்னா நின்ன இடத்துல உட்கார்ந்திரணும். ஒரு அடி நகரக் கூடாது."

"முதுகுலயா?" என்றார் மச்சான். "தலை எதுக்குடே இருக்கு?"

"தொப்பி வைக்கறதுக்கு" என்றார் இக்கா. தடியர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் கம்பளி, சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டி, ஒன்றை மச்சானும் ஒன்றை நானும் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டோம். மாப்பிள்ளை பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தார். காலில் டயர் செருப்பு. புல் முழுக்கப் பனி. ஓடைக்கரைக் காட்டைத் தாண்டுவதற்குள் ஆளுக்கு நாலு அட்டை ஏறியிருந்தது. இக்கா ஒவ்வொன்றாக உப்பு வைத்து எடுத்துக்கொண்டே, "நம்ம ரத்தம் மீன் மணக்குமே, இதுகளுக்குப் புடிக்குதா" என்று கேட்டார்.

சுமைக்காரனுக்கு மெல்ல நடக்கத் தெரியாது. பாரம் தலையில் ஏறினால் கால் தானாகச் சின்ன ஓட்டமாகிவிடும். பலகையில் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் முடிந்தது, ஓடினால்தான் பாரம் தெரியாது. மலையிலும் அப்படியே ஓடினோம். மாப்பிள்ளை பின்னாலிருந்து, "மெதுவா மாமா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரத்தில் என் காதுக்குள் நெஞ்சு அடிப்பது கேட்டது. வாழ்நாள் முழுக்கக் கடலோரத்தில் மூச்சு விட்டவர்கள் நாங்கள். அங்கே இழுத்த மூச்சு நெஞ்சுக்குப் போதவில்லை. இக்காவே பேச்சை நிறுத்தியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கு மேல் ஏறியதும் தடியர் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். முந்தின நாள் விருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். முகம் சாம்பலாகிவிட்டது. தலை பிளக்கிறது என்றார். மாப்பிள்ளை அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவர் இதற்கு மேல் ஏறக் கூடாது, உடனே இறங்க வேண்டும் என்றார். தனியாக அனுப்பவும் முடியாது.

"நான் இவரைக் கீழ் ஷெட்டுல கொண்டுபோய் விட்டுட்டு ஓடி வந்திர்றேன். ரெண்டு மணி நேரம். நீங்க மூணு பேரும் இந்தப் பாறையை விட்டு நகரக் கூடாது." இந்த முறை மாமனாரைப் பார்த்தே சொன்னார். "மாமா, வாக்குக் கொடுங்க."

"போயிட்டு வாடே" என்றார் மச்சான். வாக்குக் கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்தப் பாறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். வியர்வை உடம்பிலேயே குளிர்ந்தது. எங்கள் வேலையில் ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் தசை கட்டிப்போகும், பிறகு எழுந்திருக்க முடியாது என்பது கூட்டத்தில் எல்லோருடைய நம்பிக்கை. வேலை முடிந்தால்தான் உட்காருவது. மச்சான் இரண்டு முறை எழுந்தார், கை காலை உதறினார்.

"இருந்தா மரத்துப் போயிரும். மேல தெரியுது பாரு, அதான் உச்சி. போயிட்டு அவன் வர்றதுக்குள்ள இங்க வந்து நிக்கலாம்."

"மூப்பா, மருமோன் இருக்கச் சொல்லீட்டல்லே போனது" என்றார் இக்கா.

"மருமகன் இருக்கச் சொல்லி மாமனார் குந்தியிருக்கறதா? நல்லாயிருக்குடே. நீ வேணா இங்க இருந்து அட்டைக்குச் சோறு போடு."

இக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் மச்சான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனதில் அந்த வார்த்தை இருந்தது. எழுந்து, சும்மாட்டைச் சரி செய்து, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

உச்சி என்று நினைத்தது உச்சி இல்லை. அங்கே போனதும் அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. இதை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும்: கீழேயிருந்து தெரிகிற உச்சியை நம்பக் கூடாது. அந்த இரண்டாவதைப் பார்த்து நிற்கும்போதே மஞ்சு வந்தது. நான் நினைத்திருந்த மாதிரி வானத்திலிருந்து இறங்கவில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. கிடங்கில் சுக்கு மூட்டையை உதறினால் தூசி எழும்புமே, அந்த மாதிரி. ஐந்து நிமிடத்தில் முன்னால் நிற்கிறவர் முதுகு நிழலாகிவிட்டது.

"இறங்கிரலாம்" என்றார் மச்சான். குரலில் பதற்றம் இல்லை. அவருக்கு வழி தெரியாமல் போனதாக நாங்கள் யாரும் அறிந்ததில்லை. புல்லில் ஒரு ஒற்றையடித் தடம் இருந்தது. நாங்கள் வந்த தடம் என்று அதைப் பிடித்தார். பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார், அது வரையாடு போகிற தடமாம். ஆட்டுக்கு அந்த வழி சரிதான். அதற்குச் செங்குத்தான பாறையில்தான் வீடு.

மச்சான் முன்னால், நடுவே இக்கா, கடைசியில் நான். சாக்கு தலையில். இக்காவின் குதிகால் மட்டும் தெரிந்தது. கொஞ்ச தூரம் நானும் ஒன்றும் யோசிக்காமல் நடந்தேன். குதிகால் போகிறது, நானும் போகிறேன். நடை வேகமாகிக்கொண்டே வந்தது, சரிவு வேறு.

அப்போது என் கைலி தூக்கியது.

ஏறி வரும்போது காற்று வலது காதில் அடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. திரும்பும்போது இடது காதில் அடிக்க வேண்டும். இது இரண்டு காதிலும் இல்லை. காலடியிலிருந்து வந்தது. முழங்காலில் சில்லென்று பட்டு, கைலியை ஊதித் தூக்கியது. மாடிக் கதவு என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் தரை இல்லை.

வழக்கம் போலக் குதிகாலால் தட்டினேன். இரண்டு முறை. நனைந்த புல்லில் என்ன சத்தம் வரும்? இக்காவின் கால் போய்க்கொண்டே இருந்தது. "மச்சான், நில்லுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் நிற்க மாட்டார், நடந்துகொண்டே "என்னடே?" என்பார், அந்த "என்னடே"க்குள் இரண்டு எட்டு போயிருக்கும். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசித்தேனா என்று தெரியவில்லை.

"பலகை" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. இக்காவின் கால் அப்படியே நின்றது. அவருக்கு முன்னால் மச்சானுடைய காலும் நின்றிருக்க வேண்டும், செருப்புச் சத்தம் இல்லை. மூன்று பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

கொஞ்சம் கழித்து மச்சான், "எங்கடே பலகை இங்க?" என்றார். கோபமாகத்தான். ஒரு முறை கத்தியதோடு என் வாய் அடைத்துவிட்டது. அவர் சலித்துக்கொண்டு, கிடங்கில் அடுக்கியிருக்கும் அட்டியின் மேல் மூட்டையை எறிகிற மாதிரி, தலையிலிருந்த சாக்கை ஒரு உதறலில் முன்னால் போட்டார்.

மூட்டை விழுந்தால் தொம்மென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த காது எங்களுடையது. மூன்று பேரும் அதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, எங்கோ கீழே, கல் உருளுகிற மாதிரி ஏதோ கேட்டது. அது சாக்குதானா என்றும் தெரியாது.

மச்சான் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே, கையைப் பின்னால் ஊன்றி ஊன்றி எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். இக்கா அவர் பனியனைப் பிடித்துக்கொண்டார். நான் இக்காவைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே பின்னால் நகர்ந்து ஒரு பாறையில் முதுகு முட்டியதும் நின்றோம். பிறகு யாரும் ஒரு அடி நகரவில்லை. சோறும் இன்னொரு கம்பளியும் போன சாக்கோடு போய்விட்டன. என் சாக்கில் ஒரு கம்பளியும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தன. கம்பளியை மூன்று பேர் தலை வழியாகப் போர்த்திக்கொண்டு, கீழே என் வெறுஞ்சாக்கை விரித்து உட்கார்ந்தோம். இரண்டு சும்மாட்டுத் துணிகளையும் இக்காவின் தலைத்துண்டையும் அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டோம். மச்சான் கம்பளியை இழுத்து இழுத்து மூடினார். குளிர் என்றார். குளிரும் இருந்தது.

"மூப்பா" என்றார் இக்கா ரொம்ப நேரம் கழித்து. "இப்ப குந்தியிருக்கறது நல்லாயிருக்கா?"

கம்பளிக்குள் மச்சானுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். எங்கோ விசில் கேட்டது. இக்கா இரண்டு விரலை வாயில் வைத்துப் பதில் விசில் அடித்தார். படகு ஜெட்டியில் அடிக்கிற அதே விசில். விசிலுக்கு விசில் பதில் சொல்லி, மாப்பிள்ளை ஒரு கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. மாமனாரை ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"இன்னொரு சாக்கு எங்க மாமா?"

"இறக்கி வச்சிருக்கேன்" என்றார் மச்சான்.

அப்போது மஞ்சு கொஞ்சம் விலகியது. நாங்கள் நின்ற இடம் தெரிந்தது. புல், பிறகு ஒரு முழத்துக்கு வழுக்குப் பாறை, பிறகு ஒன்றுமில்லை. மச்சானுடைய செருப்புத் தடம் புல்லின் கடைசியில் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாப்பிள்ளையின் மனைவி, அதாவது மச்சானுடைய மகள், கீழே வீட்டில் எங்களுக்காகக் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பாள் என்பது ஏனோ எனக்கு ஞாபகம் வந்தது.

இறங்கும்போது மாப்பிள்ளை முன்னால் போனார். மச்சான் அவர் குதிகாலைப் பார்த்து நடந்தார். என் சாக்கை வாங்கி மாப்பிள்ளை கயிற்றால் என் முதுகில் கட்டிவிட்டார். இரண்டு கையும் சும்மா இருந்தது, தலையைத் தூக்க முடிந்தது. அந்த மலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றி மச்சான் யாரிடமும் பேசவில்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை வள்ளம் வந்தது. பலகை போட்டோம். அவர் முதலில், நான் கடைசியில். கிடங்குப் படியில் ஏறியதும் நான் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினேன். பலகை எடுக்கிறவர் குனிந்தார். மச்சான் உள்ளேயிருந்து, "எடுக்காத" என்றார். எல்லோரும் நின்றார்கள். அவர் மூட்டையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கடைசியில ஆள் இருக்கா?" என்று கேட்டார். நான் கண்ணெதிரே நிற்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மறுபடி படியைத் தட்டினேன்.

"காதுல விழல. கடைசியில ஆள் இருக்கா?"

"இருக்கேன்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும் முன்னாலிருந்து அந்தக் கேள்வி வரும், நான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் பலகை நகராது. போன வருடம் முழங்கால் வலியால் மச்சான் வேலையை விட்டது வரை அப்படித்தான் நடந்தது. இப்போது முதலில் போகிறவர்களும் அதையே கேட்கிறார்கள், காரணம் தெரியாமல். காரணம் இதுதான்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போய் உச்சியைத் தொட்டோம். மாப்பிள்ளை உட்காரச் சொன்ன இடத்திலெல்லாம் மச்சான் உட்கார்ந்தார். மேலே கொஞ்சம் புல்லும் பாறையும் காற்றும்தான் இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதினால் சரியாக வராது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது மேலேயே எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் திரும்பச் சொல்கிறேன். யார் முதலில் போவது என்று நீங்கள் இப்போதே சண்டை போடுகிறீர்கள், சாயாக்கடையில் கேட்டேன். கடைசியில் யார் வருவது என்று யாரும் பேசவில்லை. அதை முதலில் முடிவு செய்யுங்கள். முன்னால் போகிறவர் அடிக்கடி குரல் கொடுத்துக் கேட்கட்டும். "பலகை" என்று கேட்டால் மலையிலும் நில்லுங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்று மச்சானிடம் முதலிலேயே கேட்டேன். முழங்காலில் எண்ணெயைத் தேய்த்து முடித்தார். பிறகு, "சாக்கு போனதையும் எழுது. நல்ல கம்பளி அது" என்றார். எழுதிவிட்டேன்.

1988 நவம்பர் 13, ஞாயிறு. மட்டாஞ்சேரி.